உப்புத்தாளை எடுக்கும் முன்: பழைய வெனீர் மரச்சாமான்களைச் சீர்செய்வது பற்றி

பழைய அலமாரியோ மேசையோ ஒன்று கைக்கு வந்துவிட்டால் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். "இது முழு மரம் இல்லை, மேலே வெனீர்தான் ஒட்டியிருக்கு, காசு பெறாது" என்பார் ஒருவர். "நல்லா தேய்ச்சு வார்னிஷ் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. ஆனால் ஆபத்தானது இரண்டாவதுதான். முதல் ஆளின் பேச்சைக் கேட்டால் சாமான் வேறு யாரிடமாவது போய்ச் சேரும், அவ்வளவே. இரண்டாவது ஆளின் பேச்சைக் கேட்டால் ஒரே மதியத்தில் அதன் முகமே அழிந்துவிடும்.

தச்சு வேலை எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வெனீர் என்பது என்ன, அது ஏன் எழும்புகிறது, எதை வைத்து அதைத் திரும்ப அமர்த்துகிறார்கள் என்ற மூன்றும் புரிந்தால் போதும். எதில் கை வைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

## வெனீர் என்பது என்ன

அழகான ரேகையுள்ள மரத்தை மெல்லிய தகடாக அறுத்தோ சீவியோ எடுத்து, சாதாரண மரத்தால் செய்த பலகையின் மேல் ஒட்டுவார்கள். அந்தத் தகடுதான் வெனீர். அதைத் தாங்கும் பலகையை இந்தக் கட்டுரையில் அடிமரம் என்று சொல்கிறேன். பழைய சாமான்களில் அடிமரம் பெரும்பாலும் பைன், ஓக் போன்றவை. மேல் தகடு வால்நட், மகாகனி, ஈட்டி, கருங்காலி போன்றவை.

மைக்கா என்று நாம் சொல்லும் லாமினேட்டை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். லாமினேட் என்பது பிசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்த தகடு. அதில் தெரியும் மர ரேகை அச்சிட்ட படம். வெனீர் நிஜ மரம். அடியில் இருக்கும் மரத்தைப் போலவே அதுவும் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் நிறம் மாறும், காய்ந்தால் சுருங்கும்.

இது ஏமாற்று வேலையாகத் தொடங்கியதும் இல்லை. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் தச்சர்கள் வேலை செய்கிறார்கள், பக்கத்தில் நெருப்பின் மேல் பசைச் சட்டி இருக்கிறது. துட்டங்காமுன் கல்லறையில் கிடைத்த சாமான்களிலும் கருங்காலித் தகடும் தந்தத் தகடும் ஒட்டிய வேலை உண்டு. அரசனுக்குப் போலி செய்து கொடுத்திருப்பார்களா என்ன?

அரிய மரம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதைத் தகடாக்கினால் பெரிய பரப்புக்குக் காணும். இந்தக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. மரத்தின் உடலில் கழலை போல வீங்கிய பகுதியை அறுத்தால் சுழல் சுழலாக அற்புதமான ரேகை தெரியும். ஆனால் அங்கே நார்கள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் அதைத் தடிமனான பலகையாக வைத்தால் கோணிக்கொள்ளும், வெடிக்கும். மெல்லிய தகடாக்கி, அசையாத நல்ல பலகையின் மேல் ஒட்டினால்தான் அது நிற்கும். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு தகடுகளைப் புத்தகம் விரிப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடப்பக்கத்து ரேகை வலப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் வரும். தடித்த முழுப் பலகைகளில் இது இவ்வளவு துல்லியமாக வராது.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் ரம்பம் கொண்டு அறுத்த காலத்துத் தகடுகள் ஏறக்குறைய 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும், அதுவும் சீராக இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் இயந்திர ரம்பங்களும் பிறகு கத்தியால் சீவும் இயந்திரங்களும் வந்ததும் தகடு மெலிந்துகொண்டே போனது. இன்று கடையில் வாங்குவது சுமார் அரை மில்லிமீட்டர். அதன் மேல் பூச்சு வேறு இருப்பதால் தடிமன் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத் தேய்ப்பானை ஓர் இடத்தில் சில நொடிகள் கூடுதலாக வைத்தால், பூச்சும் தகடும் போய் அடிமரம் வெளுப்பாக எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு மருந்து கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெனீர் சாமான் என்பது இரண்டு மரங்களும் நடுவே ஒரு பசையும் சேர்ந்தது. மேல் மரம் மிக மெல்லியது. அதைக் குறைக்கும் எந்த வேலையும் ஒருவழிப் பாதை.

## தகடு ஏன் எழும்புகிறது

நோட்டு அட்டையில் ஒரு பக்கம் மட்டும் பசை தடவிக் காகிதம் ஒட்டிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாம் சமமாக இருக்கும். காயக் காய அட்டை காகிதம் ஒட்டிய பக்கமாக வளையும். ஈரத்தில் விரிந்த காகிதம் காயும்போது சுருங்கி அட்டையையும் இழுப்பதுதான் காரணம்.

மரத்தில் நடப்பதும் இதே இழுபறிதான். காற்றில் ஈரம் கூடினால் மரம் உறிஞ்சிக்கொண்டு உப்பும், குறைந்தால் விட்டுவிட்டுச் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறையும். அகலவாக்கில் அப்படியில்லை. அங்கே பல சதவீதம் குறையும். காய்ந்து முடிந்த பலகைகூடப் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும். அரை மீட்டர் அகலப் பலகையில் அது சில மில்லிமீட்டர் வரை போகலாம்.

இப்போது மேலே ஒரு மரம், கீழே வேறொரு மரம். இரண்டும் ஒரே அளவில் அசைவதில்லை. சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சேரும் இடங்களில் அடிமரமே இரண்டு திசைகளில் இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பசை எவ்வளவு காலம்தான் தாங்கும்? எங்காவது ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும். அந்த இடத்தில் தகடு உப்பிக் குமிழியாகிறது, அல்லது ஓரம் நாக்கு போல எழுந்து நிற்கிறது. பசை விடாப்பிடியாக இருந்தால் தகடே பிளக்கிறது. பழைய மேசைகளின் மேற்பரப்பில் நேர்கோடாக ஓடும் விரிசல்கள் பெரும்பாலும் அடியில் உள்ள பலகை இணைப்பின் மேலேயே இருப்பதை ஒருமுறை கவனித்தால் பிறகு மறக்காது.

பிரான்சில் 14ஆம் லூயி காலத்தில் வாழ்ந்த ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் மரத்தின் மேல் பதித்துச் செய்த சாமான்களில் இந்தச் சண்டை இன்னும் மோசம். பித்தளை ஈரத்துக்கு அசைவதே இல்லை, அடியிலிருக்கும் மரமோ சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் பித்தளைக்கு உட்கார இடம் போதாமல் மேலே எகிறி நிற்கும்.

## எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் பசை

பழைய சாமான்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும்தான் படிக்க முடியும் என்றால், நான் பசையைத்தான் சொல்வேன். மரத்தைப் பற்றிப் பேச எல்லாருக்கும் பிடிக்கும். பசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தச்சர்கள் அதிகமாகப் பயன்படுத்தியது வச்சிரம், அதாவது விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. தோலில் உள்ள கொல்லாஜன் என்ற புரதம் வெந்நீரில் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. அதைக் காயவைத்துப் பொன்னிறக் குருணையாக விற்பார்கள். குருணையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்க வேண்டும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் போதும். கொதிக்கவிட்டால் புரதச் சங்கிலிகள் உடைந்து பசை வலுவிழக்கும்.

தடவியதும் ஆறத் தொடங்கும். ஆறும்போது பாகு போலக் கெட்டியாகித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மெல்ல நீர் வற்றி இறுகும். இதில் வேதிவினை என்று எதுவும் நடந்து முடிந்துவிடவில்லை. அதனால்தான் நூறு வருடம் கழித்தும் சூடும் ஈரமும் காட்டினால் அதே பசை திரும்ப இளகுகிறது. சீர்செய்யும் வேலை முழுவதும் இந்தக் குணத்தின் மேல்தான் நிற்கிறது. இதைப் பிரித்தெடுக்கும் தன்மை என்பார்கள்: இன்று செய்த வேலையை நாளை இன்னொருவர் மரத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும்.

பலவீனமும் அதே குணம்தான். ஈரமான இடத்தில் வச்சிரம் இளகும், பூஞ்சை பிடிக்கும். மிக வறண்ட இடத்தில் கண்ணாடி போல நொறுங்கும். சரி, அப்படியென்றால் நவீன வெள்ளைப் பசையைப் போட்டு ஒரேயடியாக ஒட்டிவிடலாமே என்று தோன்றும். ஒட்டும், நன்றாகவே ஒட்டும். ஆனால் அது நார்களுக்குள் புகுந்து இறுகிய பிறகு முழுசாக எடுப்பது பெரும்பாடு. அந்த இடத்தில் பிற்பாடு வச்சிரமும் பிடிக்காது. எபாக்சியும் உடனடிப் பசையும் இதைவிட மோசம். அடுத்த முறை மரம் அசையும்போது பசை விடாது, தகடுதான் கிழியும். இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அது பசையாக இருப்பதே நல்லது, பசையை மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் சாமானில் இருப்பது எந்தப் பசை? எழும்பிய ஓரத்தின் அடியிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி எடுங்கள். பழுப்பாக, நொறுங்கக்கூடியதாக இருந்து, ஒரு சொட்டு வெந்நீரில் பிசுபிசுத்தால் அது வச்சிரம். வெளுப்பாக, ரப்பர் போல இழுபட்டால் யாரோ ஏற்கெனவே கைவைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: சேதத்துக்குக் காரணம் மரங்களின் அசைவு, தீர்வு நடுவிலுள்ள பசையில். அதைத் திரும்ப இளக்குவது அல்லது புதிதாக இடுவது, இவ்வளவுதான் வெனீர் பழுதுபார்ப்பின் சாரம்.

## கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

டார்ச்சைப் பக்கவாட்டில் பரப்போடு ஒட்டிப் பிடித்தால் மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். அப்புறம் விரல்நகத்தால் பரப்பு முழுவதும் மெல்லத் தட்டுங்கள். பிடித்திருக்கும் இடத்தில் கனமான சத்தம், விட்டிருக்கும் இடத்தில் வெற்றுச் சத்தம். கண்ணுக்குத் தெரியும் ஒரு குமிழியைச் சுற்றி, தெரியாத விட்ட பகுதி இரண்டு மடங்கு இருப்பது சாதாரணம். உடைந்து விழுந்த துண்டுகளை, தூசு போலச் சின்னதாக இருந்தாலும், ஓர் உறையில் போட்டு வையுங்கள். எவ்வளவு நல்ல ஒட்டுத் துண்டும் அசல் துண்டுக்கு ஈடாகாது.

1.5 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் இருந்தால் வண்டு அரித்திருக்கிறது. துளை இருப்பதாலேயே பயப்பட வேண்டாம், அது பழங்கதையாக இருக்கலாம். அடியில் புதிதாக மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும், ஒட்டுவேலை பிறகு.

மேற்பூச்சு எது என்றும் தெரிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சாமான்களில் பெரும்பாலும் அரக்குப் பூச்சு இருக்கும். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை எரிசாராயத்தில் கரைத்துப் பூசுவது இது. மறைவான மூலையில், எரிசாராயம் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு ஒட்டிக்கொண்டு வந்தால் அரக்கு. பாலியுரித்தேன் போன்ற பிற்காலப் பூச்சு என்றால் அசையாது.

## குமிழியை அமர்த்துவது

முதலில் பழைய பசையையே எழுப்பிப் பார்க்க வேண்டும். குமிழியின் மேல் எண்ணெய் ஒட்டாத சமையல் காகிதம் ஒன்றை வைத்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் வைத்து எடுங்கள். தகடு இளகி அமர்வது கையில் தெரியும். உடனே தட்டையான கட்டையை வைத்து, மேலே கனம் ஏற்றி, முழுக்க ஆறும் வரை விட்டுவிடுங்கள். புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: சூடு பசையை இளக்கத்தான் செய்யும், பிடிக்கவைப்பது ஆறும்போது இருக்கும் அழுத்தம். இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தால் குமிழி திரும்ப எழும்.

அரக்குப் பூச்சு சூட்டில் மென்மையாகும், ஈரம் பட்டால் வெளுக்கும். ஆகவே முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். லேசான வெளுப்பு வந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். பூச்சு வழிந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

உள்ளே பசை மக்கிப் பொடியாகியிருந்தால் சூடு வைத்துப் பயனில்லை. அப்போது கூர்மையான மெல்லிய கத்தியால் குமிழியை நார் ஓடும் திசையிலேயே கீறித் திறக்க வேண்டும். ரேகையோடு ரேகையாக ஓடும் கீறல் பின்னால் கண்ணில் படாது; குறுக்கே கீறினால் காலத்துக்கும் தெரியும். உள்ளிருக்கும் தூசையும் பொடியையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான வச்சிரத்தை மெல்லிய தகட்டுக் கத்தியால் உள்ளே தள்ளுங்கள். வச்சிரம் காய்ச்ச வசதியில்லை என்றால் மீன் பசை நல்லது. அதுவும் விலங்குப் பசைதான், ஆனால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருப்பதால் ஊசிக்குழலால் செலுத்தலாம். அப்புறம் குமிழியின் ஓரங்களிலிருந்து கீறலை நோக்கி விரலால் வழித்தால் மிஞ்சிய பசை வெளியே வரும். அதை ஈரத்துணியால் துடைத்து, பாலிதீன் தாள் வைத்து, மேலே பலகை, அதன் மேல் கனம். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

எழும்பிய ஓரங்களுக்கும் இதே முறைதான். பழைய அழுக்கை வெந்நீரும் மரக்குச்சியும் கொண்டு எடுங்கள். உளியால் சுரண்டினால் அடிமரம் பள்ளமாகி, தகடு அந்தப் பள்ளத்துக்குள் அமிழும்.

## காணாமல் போன துண்டுக்கு ஒட்டு

இதில் பொறுமைதான் பாதி வேலை. ஒட்டுத் துண்டு அதே மரமாக இருக்க வேண்டும், ரேகை அதே திசையில் ஓட வேண்டும், தடிமன் ஒத்துப்போக வேண்டும். இன்றைய மெல்லிய தகடு பழைய தடிமனுக்கு வராது என்பதால் இரண்டு மூன்று தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டித் தடிமன் கூட்டிக்கொள்வார்கள். சிலர் அதே சாமானின் பின்பக்கத்திலிருந்தே தகடு வெட்டி எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டை போடுவானேன்?

உடைந்த இடத்தைச் சதுரமாக வெட்டிச் சதுரத் துண்டு பதிப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. அதைச் செய்யாதீர்கள். ரேகைக்குக் குறுக்கே ஓடும் நேர்கோடு தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தும். ரேகையின் போக்கில் நீண்டு இருமுனையும் கூராக முடியும் வடிவம்தான் மறையும். உடைந்த இடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அச்சு கிடைக்கும். அதைத் தகட்டின் மேல் நகர்த்தி நகர்த்தி, ரேகை சரியாகச் சேரும் இடத்தைத் தேடலாம்.

நிறத்தைப் பார்க்கத் துண்டின் மேல் டர்பன்டைன் தடவுங்கள். பூச்சு போட்ட பின் ஏறக்குறைய அந்த நிறம்தான் வரும். பல வருட வெயிலில் வால்நட்டும் மகாகனியும் வெளிறியிருக்கும் என்பதால் புதுத் துண்டு பெரும்பாலும் அடர்த்தியாகத் தெரியும். கொஞ்சம் வெளிறிய துண்டைத் தேர்ந்தெடுத்துச் சாயமேற்றுவது சுலபம், அடர்ந்ததை வெளுப்பாக்குவது கடினம். ஒட்டிய துண்டு ஒரு மயிரிழை மேலே நிற்கட்டும். காய்ந்த பின் அந்தத் துண்டை மட்டும் சீவிச் சமமாக்குங்கள், சுற்றியுள்ள பழைய பரப்பைத் தொடாமல்.

ஈட்டி வகை மரம் தேவைப்பட்டால் சட்டச் சிக்கலும் உண்டு. பிரேசில் ஈட்டி 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அதன் பேரினமான டால்பெர்ஜியாவின் மற்ற மரங்களும் 2017 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. நாடு விட்டு நாடு அனுப்பும்முன் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிசல்களைப் பொறுத்தவரை, மெல்லியதாக இருந்தால் விட்டுவிடலாம் என்பேன். அடைத்தே ஆக வேண்டுமென்றால் நிறமூட்டிய மெழுகு. கல் போல இறுகும் கலவையை வைத்து அடைத்தால், ஈரக் காலத்தில் அடிமரம் உப்பும்போது நெருக்க இடமில்லாமல் பக்கத்துத் தகடு எழும்பும்.

## பூச்சைக் கழற்றலாமா

பெரும்பாலும் வேண்டாம். பல தலைமுறை மெழுகும் வெளிச்சமும் கைபட்டதும் சேர்ந்து உண்டான மேல்தோற்றத்தைத்தான் பழம்பொருள் பிரியர்கள் தேடுகிறார்கள். கழற்றினால் அது போச்சு. அழுக்கை மட்டும் எடுத்தாலே பாதிச் சாமான்கள் உயிர் பெற்றுவிடும்.

அரக்கில் ஒரு வசதி உண்டு: புது அரக்கு பழையதைச் சற்றே கரைத்து அதோடு கலந்துவிடும். எனவே தேய்ந்த இடத்துக்கு மட்டும், துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய அடுக்குகளாக ஏற்றலாம். வெள்ளை வளையம் பூச்சுக்குள் புகுந்த ஈரம். எரிசாராயம் அரைகுறையாகத் தொட்ட துணியை லேசாக ஓட்டினால் பெரும்பாலும் மறையும். கறுப்புக் கறை அப்படியல்ல. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து மரத்துக்குள்ளேயே உண்டானது அது. எடுக்க நச்சு அமிலம் வேண்டும், பூச்சையும் கழற்ற வேண்டும். அதைத் தேர்ந்தவரிடம் விடுங்கள், அல்லது அப்படியே இருக்கட்டும்.

கடைசியாகக் கொஞ்சம் மெழுகு போதும். சிலிக்கோன் கலந்த பளபளப்புத் தெளிப்பான்களைத் தவிர்க்கவும். பின்னால் ஏற்றும் பூச்சு அதன் மேல் பரவாமல் திட்டுத்திட்டாக விலகும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகுதான் எறிய வேண்டும்.

## வேலை முடிந்த பின்

நேர்வெயில் படாத, ஹீட்டர் காற்றோ ஏசி காற்றோ நேராக அடிக்காத இடம் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் எவ்வளவு என்பதைவிட, அது திடீர் திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். பூல் வகை வேலைப்பாடு, பல நிறத் துண்டுகளால் படம் பதித்தவை, விலை மதிப்புத் தெரியாதவை ஆகியவற்றில் முதல் பாடம் படிக்க வேண்டாம்.

செய்த வேலையை ஒரு தாளில் குறித்து இழுப்பறைக்குள் வையுங்கள்: எந்த இடம், எந்தப் பசை, என்ன பூச்சு, எந்த வருடம். அடுத்து அதைத் திறந்து பார்க்கும் தச்சர் சூடு வைக்கலாமா வேண்டாமா என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார்.